கடுகு முதல் கடைசித் தம்ளர் வரை: கொலோனோஸ்கோப்பிக்குத் தயாராகும் முறை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் அப்பாவுக்குக் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டியிருந்தது. உள்ளே அழைத்துச் சென்ற அரை மணி நேரத்துக்குள் மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, திரையில் நிறுத்தி வைத்திருந்த ஒரு படத்தைக் காட்டினார். ஈரமான இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டிய குடலின் உட்சுவரில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு படலம் அப்பிக் கிடந்தது. அதன்மேல் நான்கைந்து கறுப்பு மணிகள் ஒட்டியிருந்தன. "இது கடுகு" என்றார். முதல் நாள் மதியம் ரசஞ்சாதம் சாப்பிட்டதையும், இரவுத் தூக்கம் கெடக் கூடாதென்று குடலைச் சுத்தமாக்கக் கொடுத்த மருந்துத் தண்ணீர் முழுவதையும் மாலையிலேயே குடித்து முடித்துவிட்டதையும் அப்போதுதான் நாங்கள் சொன்னோம். பாதியில் நிறுத்திய பரிசோதனையை மூன்று வாரம் கழித்து மீண்டும் செய்தார்கள். எழுபது வயதில் அப்பாவுக்கு இரண்டாம் முறை பட்டினி, இரண்டாம் முறை பேதி, இரண்டாம் முறை மயக்க மருந்து. யாரும் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. கையில் கொடுத்த தாளை நாங்கள்தான் சரியாகப் படிக்கவில்லை. அந்தத் தாளில் இரண்டு வரியாக இருந்தவற்றுக்குப் பின்னால் உள்ள காரணங்களைத் தெரிந்துகொண்டிருந்தால் அவற்றைத் தட்டியிருக்க மாட்டோம் என்பதால், இங்கே காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மருத்துவமனை தரும் குறிப்புத் தாளும் இந்தக் கட்டுரையும் எங்காவது வேறுபட்டால், தாளில் உள்ளதையே பின்பற்றுங்கள். மருந்தின் வகை, பரிசோதனை நேரம், உங்கள் உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்து அவர்கள் எழுதியது அது.

எதற்காக இவ்வளவு சுத்தம்?

பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. விரல் பருமனில், வளைந்து கொடுக்கும் ஒரு குழாய் ஆசனவாய் வழியாக நுழைந்து, வலது அடிவயிற்றில் சிறுகுடல் வந்து சேரும் இடம் வரை செல்கிறது. குழாயின் முனையில் கேமராவும் விளக்கும் இருக்கின்றன; தண்ணீரைப் பீய்ச்சவும், தேங்கியதை உறிஞ்சவும் வழிகள் உண்டு. உறிஞ்சும் வழியின் அகலம் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். நீரையும் சளியையும் அது எளிதில் இழுத்துவிடும். ஆனால் தக்காளித் தோலோ கொய்யா விதையோ வந்தால் அடைத்துக்கொள்ளும். மருத்துவர் தேடுகிற பாலிப் எனப்படும் சதை வளர்ச்சியோ சில மில்லிமீட்டர் அளவில், சில நேரம் சுவரோடு சுவராகத் தட்டையாக இருக்கும். கஞ்சி படிந்தாற்போன்ற மெல்லிய படலமே அதை மறைக்கப் போதும். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இத்தகைய பாலிப்கள் பல ஆண்டுகளில் மெல்ல மாறுவதால் உண்டாகின்றன என்பதையும், கண்டவுடனே அவற்றைப் பெரும்பாலும் அதே அமர்வில் அகற்றிவிட முடியும் என்பதையும் சேர்த்து நினைத்தால், மூன்று நாள் கட்டுப்பாட்டின் மதிப்பு புரியும்.

தேதி குறிக்கும் நாளிலேயே மாத்திரைப் பெட்டியைக் காட்டுங்கள்

உணவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மாத்திரைகளைப் பற்றி பரிசோதனைக்கு முந்தைய நாள்தான் பலருக்கு நினைவு வருகிறது. அப்போது காலம் கடந்திருக்கும். தேதி வாங்கப் போகும்போதே வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமேல் வைத்துவிடுங்கள்.

இரும்புச் சத்து மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாள்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிப் பிசின்போல் சுவரில் ஒட்டச் செய்யும். பிறகு எவ்வளவு தண்ணீர் பீய்ச்சினாலும் போகாது. மலச்சிக்கலுக்காக இசப்கோல் எடுத்துக்கொள்பவர்கள் அதையும் நிறுத்த வேண்டும், ஏனெனில் அது நார்ச்சத்து.

இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளே மிகுந்த கவனம் தேவைப்படுபவை. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரவே சொல்வார்கள். குளோபிடோக்ரல், வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்சாபன், ரிவரோக்சாபன் போன்றவற்றை நிறுத்துவதா, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பது மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் மாறும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் விற்கப்படுவதால், அட்டையில் உள்ள பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தாமாகவே மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். நிறுத்த வேண்டியதை நிறுத்தாமல் போனால் பாலிப்பை அகற்றிய இடத்தில் இரத்தம் கசியலாம். ஆகவே இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. "இன்ன தேதியில் நிறுத்து, இன்ன தேதியில் தொடங்கு" என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் பட்டினி நாளில் வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ முழு அளவில் எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எதைக் குறைப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போலப் பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடியும் சர்க்கரை மாத்திரைகளைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பட்டினியோடு இவை சேரும்போது, இரத்தச் சர்க்கரை பெரிதாக உயராமலேயே உடலில் அமிலம் கூடும் நிலை வரக்கூடும். அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள்கள் முன்பே இவற்றை நிறுத்த வேண்டுமென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் அறிவுறுத்தியதும் அதனால்தான். எடை குறைக்க வாரம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவர்கள் பேதி மருந்தின் பெயரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்துக் கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். சோடியம் பாஸ்பேட் கலந்த வகை சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்ததால், 2008-இன் இறுதியில் அமெரிக்காவில் அதற்குக் கடுமையான எச்சரிக்கை விதிக்கப்பட்டது. மெக்னீசியம் உள்ள வகையும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஏற்றதல்ல. இவர்களுக்குப் பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரைத்தான் எழுதித் தருவார்கள். இரத்த அழுத்த மாத்திரையைப் பெரும்பாலானோர் அன்று காலை ஒரு மடக்குத் தண்ணீருடன் போட்டுக்கொள்ளலாம். சிறுநீர் பிரியத் தரும் மாத்திரை என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூன்று நாள் சமையல்

நம் வீட்டுச் சமையலில் சிக்கல் குழம்பிலோ கூட்டிலோ மட்டும் இல்லை, தாளிப்பிலும் இருக்கிறது. காய் போடாத வெறும் ரசத்தில்கூடக் கடுகு, சீரகம், மிளகு, தக்காளித் தோல், மிளகாய் விதை, கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை ஆகிய அத்தனையும் இருக்கின்றன. கடுகின் தோலை நம் குடலால் செரிக்க முடியாது. விழுங்கிய கடுகு விழுங்கியபடியே போய்ச் சேரும். இரண்டாம் முறை அம்மா தாளிக்கும் கரண்டியை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டார். கண்ணெதிரே இருந்தால் கை தானாக அதை எடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

குறைந்தது மூன்று நாள்களுக்கு, வழக்கமாக மருத்துவர்கள் குறைக்கச் சொல்லும் வெள்ளை உணவே நல்லது. குழைய வடித்த வெள்ளரிசிச் சோறு, இட்லி, இடியாப்பம், தாளிக்காத ரவை உப்புமா, வெள்ளை ரொட்டி, தோலுரித்து மசித்த உருளைக்கிழங்கு, தயிர், முட்டை, முள் நீக்கிய மீன், காரமில்லாமல் வேகவைத்த கோழி ஆகியவை போதும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி கூடாது, அதில் நார் இருக்கிறது. சர்க்கரையோ தயிரோ வடிகட்டிய ரசமோ தொட்டுக்கொள்ளலாம். கீரை, முருங்கைக்காய், அவரை, கொத்தவரை, வெண்டை, கத்தரி, கொய்யா, மாதுளை, திராட்சை, எள், நிலக்கடலை, சுண்டல், கேழ்வரகு, கம்பு, முழுக்கோதுமைச் சப்பாத்தி, ஊறுகாய் எதுவும் வேண்டாம். வெற்றிலை பாக்கு போடும் பெரியவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும்: பாக்கின் துகளும் நாரும் குடலில் தங்கும். அதை அவர்கள் உணவாகவே எண்ணுவதில்லை என்பதால், "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் சொல்லவும் மாட்டார்கள்.

நீண்ட நாள் மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும், முந்தைய பரிசோதனையில் குடல் சுத்தமாகாமல் போனவர்களுக்கும் வழக்கமான அளவு போதாது. அதை முன்பே சொன்னால் கூடுதல் மருந்தோ கூடுதல் நாள்களோ எழுதித் தருவார்கள்.

முந்தைய நாள்: தெளிந்த நீர் மட்டும்

சில மருத்துவமனைகள் முந்தைய நாள் காலையில் இரண்டு இட்லி சாப்பிட அனுமதிக்கும். அதன் பிறகு தெளிந்த நீராகாரம் மட்டுமே. தெளிந்தது என்றால் எது என்பதில் குழப்பம் வருகிறது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றிச் செய்தித்தாளின் முன்னே பிடித்தால் எழுத்துகளைப் படிக்க முடிய வேண்டும். வழுக்கை சேராத இளநீர், மெல்லிய துணியில் வடித்த ரசத் தெளிவு, உப்பும் சர்க்கரையும் போட்டு வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத தேநீர், பனங்கற்கண்டு கரைத்த நீர், வடிகட்டிய கோழி சூப், உப்புச்சர்க்கரைக் கரைசல் ஆகியவை இந்தச் சோதனையில் தேறும். பால், மோர், கஞ்சி ஆகியவை நீர்தான் என்றாலும் தேறாது. ரோஸ்மில்க், மாதுளைச் சாறு, பீட்ரூட் சாறு போன்ற சிவப்பும் ஊதாவுமான எதையும் தொடாதீர்கள். குடலுக்குள் அந்த நிறம் இரத்தம்போலத் தெரியும். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீர் வேண்டாம், அதில் பொட்டாசியம் மிகுதி.

விரதம் இருந்து பழகியவர்கள் இந்த நாளையும் விரதமாக எண்ணி நாக்கைக் கட்டிக்கொள்கிறார்கள். இது அப்படிப்பட்ட நாள் அல்ல. பேதியில் போகும் நீரை ஈடுசெய்ய, மணிக்கு ஒரு தம்ளராவது ஏதேனும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன கணக்கில் நிற்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்வது நல்லது. 70-க்குக் கீழே இறங்கினால் காத்திருக்காமல் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வேண்டும்.

மருந்தைக் கலக்குவதும் குடிப்பதும்

பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. தன்னோடு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலை அலசிவிட்டு வெளியேறுகிறது. உடல் உப்புகளை இழக்காதபடி உப்புகளும் அதில் அளவாகக் கலந்திருக்கின்றன. நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பொட்டலத்தை 2 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். குடிக்கும் அளவு குறையட்டும் என்று ஒரு லிட்டரில் கரைத்தால் அந்தக் கணக்கே கெட்டுவிடும். இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களில் அளந்து கலக்கி, தூள் முழுவதும் கரையும் வரை குலுக்கி, குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். சில்லென்று இருந்தால் அந்தக் கொழகொழப்பும் உவர்ப்பும் குறைவாகத் தெரியும். சில துளி எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். சர்க்கரையோ பாலோ சேர்க்கக் கூடாது.

கால் மணி நேரத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 250 மில்லி, என்ற வேகத்தில் குடித்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு பாட்டில் முடியும். சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டு சுவையை நாக்கிலேயே வைத்திருப்பதைவிட, உறிஞ்சுகுழலை நாக்கின் பின்பகுதிக்குக் கொண்டுசென்று ஒரே மூச்சில் இறக்கிவிடுவது அப்பாவுக்கு உதவியது. ஒவ்வொரு தம்ளருக்குப் பின்னும் வீட்டுக்குள் நடக்கச் சொன்னோம். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுப் பிறகு மெதுவாகத் தொடரலாம்.

இனி நாங்கள் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன். மருந்தை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை முந்தைய நாள் மாலையும், இரண்டாம் பாதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பும் குடிக்க வேண்டும். காலை பத்து மணிக்குப் பரிசோதனை என்றால் இரண்டாவது பாட்டிலை விடியற்காலை நாலரைக்குத் தொடங்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் எழுப்பி இதைக் குடிக்கச் சொல்வது கொடுமையாகத்தான் தோன்றும். ஆனால் இரவு முழுவதும் பித்தநீரும் சிறுகுடலின் சுரப்புகளும் வடிந்துகொண்டே இருக்கின்றன. மாலையில் எவ்வளவு அலசினாலும், விடிவதற்குள் அவை பெருங்குடலின் வலது பகுதியில் புதிய படலமாகப் படிந்துவிடும். தட்டையான பாலிப்கள் மறைந்திருப்பதும் பெரும்பாலும் அந்த வலது பகுதியில்தான். அந்தப் படலத்தைக் கழுவுவதே விடியற்காலைப் பாட்டிலின் வேலை. பிற்பகலில் பரிசோதனை என்றால் மருந்து முழுவதையும் அன்று காலையிலேயே குடிக்கச் சொல்வதும் உண்டு. எப்படியாயினும் கடைசித் தம்ளர், தாளில் குறித்த நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் ஒரு துளி நீரும் கூடாது என்பது குறைந்தபட்ச விதி. சில இடங்களில் அதைவிட நீண்ட இடைவெளி கேட்பார்கள்.

நம்மில் பலருக்குச் சிறுவயதில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியான நினைவு இருக்கும். அதையோ நிலாவிரையையோ இந்த மருந்துக்குப் பதிலாக எடுப்பதும், கூட இருக்கட்டும் என்று சேர்த்துக்கொள்வதும் தவறு. அவை குடலைக் கிளறி முறுக்கும். இந்தப் பரிசோதனைக்குத் தேவையான அளவுக்குக் குடலை அலசித் தரா.

அந்த இரவும் விடியலும்

பலருக்கு முதல் தம்ளர் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு இளகத் தொடங்கும்; சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். முதல் பாட்டில் முடிந்து மூன்று மணி நேரமாகியும் ஒருமுறைகூடப் போகவில்லை என்றாலோ, விடாத வாந்தி, வயிறு உப்பிக் கடும் வலி, நெஞ்சு வலி, எழுந்து நிற்க முடியாத தலைசுற்றல் இருந்தாலோ, மீதியைக் குடிக்காமல் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

முதியவர்களுக்கு அன்று இரவு உண்மையான ஆபத்து வழுக்கி விழுவதுதான். கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். தரை ஈரத்தை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்று சொல்லுங்கள். குந்தி எழ முடியாதவர்களுக்கு நாற்காலிக் கழிப்பறை ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடலாம். முறை வைத்துத் தண்ணீர் வரும் ஊரில் இருப்பவர்கள் முந்தைய நாளே டிரம்மை நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். நாடாவும் பொத்தானும் இல்லாத தளர்ந்த உடை போதும். அடிக்கடி கழுவுவதால் ஆசனவாயைச் சுற்றி எரியும். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, தொடக்கத்திலிருந்தே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவி வந்தால் புண்ணாகாது.

கடைசியாகப் போகும்போது கட்டியோ கசடோ இல்லாமல், அடி தெரியும் அளவுக்குத் தெளிந்த இளமஞ்சள் நீராக வந்தால் தயாராகிவிட்டீர்கள். காலையிலும் பழுப்பாகக் கலங்கலாக வந்தால் போனவுடன் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். எனிமா கொடுத்தோ நேரத்தைத் தள்ளிவைத்தோ சரிசெய்ய முடியும். மறைத்தால் பாதியில் நிறுத்துவதைத் தவிர அவர்களுக்கு வழி இருக்காது.

வெளியூரிலிருந்து வருபவர்கள் விடியற்காலைப் பேருந்தை நம்பாதீர்கள். இரண்டாவது பாட்டிலைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் பேருந்தில் உட்கார முடியாது; அதற்குப் பயந்துதான் பலர் அந்தப் பாட்டிலையே விட்டுவிடுகிறார்கள். முந்தைய நாள் மதியமே போய், மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்தில், கழிப்பறை உள்ளேயே இருக்கும் அறையாகப் பார்த்துத் தங்குங்கள். பவுடரை ஊரிலேயே வாங்கி எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது

பழைய அறிக்கைகளையும் மாத்திரைப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நகைகளை வீட்டில் கழற்றி வைத்துவிடலாம். பல் செட்டை உள்ளே போகும் முன் கழற்ற வேண்டும். நகப்பூச்சு இருந்தால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டாமல் போகக்கூடும். மாதவிடாய் இதற்குத் தடை இல்லை; கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் மட்டும் முன்பே சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், பாலிப் இருந்தால் இன்றே அகற்றுவீர்களா, இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை எப்போது தொடங்குவது என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். மயக்கம் தெளிந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், அடுத்த 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டவோ முக்கியமான தாள்களில் கையெழுத்திடவோ கூடாது. அதனால் கூட ஒருவர் வந்தே ஆக வேண்டும். வீடு திரும்பிய பின் வயிறு காற்றால் உப்புவது இயல்பு. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவை இயல்பல்ல. பாலிப்பை அகற்றிய இடத்தில் இரண்டு வாரம் வரைகூட இரத்தம் கசியலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் அதில் குடல் சுத்தம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பாஸ்டன் அளவுகோலில் வலது, நடு, இடது என்று மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பெண் தருவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது 2 கிடைத்திருந்தால் பரிசோதனையை நம்பலாம். அதற்குக் குறைந்திருந்தால், "ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தாலும், எப்போது திரும்ப வர வேண்டும் என்று கேளுங்கள். அப்பாவின் முதல் அறிக்கையில் இடப்பக்கத்துக்கு 1. மற்ற இரண்டு பகுதிகளுக்கும் குழாய் போகவே இல்லை. இரண்டாவது அறிக்கையில் மொத்தம் 9-க்கு 8. வலது பகுதியில் 7 மில்லிமீட்டர் அளவில் தட்டையாக ஒரு பாலிப் இருந்ததாகவும், அதை முழுவதுமாக அகற்றிப் பயாப்சி எனப்படும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியதாகவும் அடுத்த வரியில் எழுதியிருந்தது.